இரண்டாவது சக்கரம்

அத்தியாயம் 11

ஷெட் கதவு திறந்து கிடப்பதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள் பெர்லிந்தா. காலையில் அவள் கையால் பூட்டிவிட்டுப் போன கதவு.

வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்தினாள். சான்டா ஃபேயிலிருந்து வாங்கி வந்த சங்கத்துச் சட்டைகளைச் சீட்டிலேயே விட்டுவிட்டு ஓடாத குறையாக உள்ளே போனாள். அங்கே, அவளுடைய இம்பாலா காருக்குப் பக்கத்தில், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தான் அண்ணன் டெல்ஃபினோ. முழங்கை வரை கறுப்பு. காலடியில் அழுக்குத் துணிகள்.

“பெர்லி, கோவப்படாம கேளு,” என்றான்.

கோபப்படாமல் கேள் என்று ஆரம்பித்த எந்தப் பேச்சும் இந்த வீட்டில் நல்லபடியாக முடிந்ததில்லை. நமக்கும் அது தெரியும், பெர்லிந்தாவுக்கும் தெரியும்.

நாளைக்கு ஈஸ்டர். எஸ்பனோலா ஊரில் ஈஸ்டர் என்றால் காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு, அது செரிப்பதற்குள் ரிவர்சைடு சாலை. தரையோடு தரையாகத் தாழ்த்தின கார்கள் மாட்டு வண்டி வேகத்தில் வரிசையாகப் போகும். ஊரே சாலையின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். லெந்தோஸ் கார் சங்கத்தின் வரிசையில் ஒன்பது வருஷமாக முதல் கார் டெல்ஃபினோவுடையது. சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான். இந்த வருஷம் முதல் காருக்கு உறுப்பினர்கள் கையைத் தூக்கி வேறொரு பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

பெர்லிந்தா அர்ச்சுலேட்டா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். புருஷனை அனுப்பிவிட்டுக் காரை வாங்கினவள் என்று ஊர் சிரிக்குமே, அவளேதான். ஒரு பெண்ணின் கார் அந்த வரிசைக்கு முன்னால் போவது இதுதான் முதல் தடவை.

அதற்காகத்தான் புது வீல் போட்டாள். அந்த வீலுக்காகப் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்த ரகளையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்ஃபினோ முழுக் குரோம் கட்சி. விளிம்பு, கம்பி, நடுக்குடம் எல்லாம் குரோம். வெள்ளை வெளேரென்று முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் அவனுக்கு. பெர்லிந்தாவோ விளிம்பை மட்டும் குரோமாக விட்டுக் கம்பிகளுக்கும் நடுக்குடத்துக்கும் தங்க முலாம் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கரும்பச்சைக் காருக்கு அதுதான் எடுக்கும் என்று அவளுக்குத் தீர்மானம்.

“காருக்கு வீல் மாட்டறியா, கல்யாணப் பொண்ணுக்கு நகை மாட்டறியா?” என்று கேட்டான் அவன்.

“எதை மாட்டினாலும் என் காருக்குத்தானே மாட்டறேன்?” என்றாள் அவள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் தலை காட்டியிருக்கிறான். தலை மட்டும் காட்டியிருந்தால் பரவாயில்லையே!

பெர்லிந்தா குனிந்து பார்த்தாள்.

வலது பக்கம் முன் சக்கரம். தங்கம் இருந்த இடத்தில் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறம். பின் சக்கரத்தைப் பார்த்தாள். அங்கேயும் அதே கதி. கறுப்புக் குழம்பு கம்பிகளின் அடியில் வழிந்து காய்ந்திருந்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள். அங்கே இரண்டு சக்கரமும் ஷெட்டின் மங்கின வெளிச்சத்திலும் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தன. அந்த இரண்டையும் பார்த்தபோதுதான் வலது பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

“என்ன பண்ணி வெச்சிருக்க?”

“சும்மா ஒரு பாலிஷ் போட்டு வைக்கலாம்னு வந்தேன் பெர்லி. நாளைக்கு நீ முதல்ல போறியே. சண்டை போட்டோமே, அதைச் சரி பண்ணலாம்னு...”

“எதைப் போட்டுத் தேய்ச்ச?”

அவன் மோவாயால் காட்டினான். முக்காலியின் மேல் ஒரு தகர டப்பா. ஜல்லி லாரிச் சக்கரத்துக்கு அவன் போடுகிற பாலிஷ்.

டெல்ஃபினோ சொந்தமாக லாரி ஓட்டுகிறவன். அந்த லாரியின் அலுமினியச் சக்கரங்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பெயர் பெற்றவை. அலுமினியத்தைத் தேய்த்தால் துணி கறுக்கும். கறுக்கக் கறுக்கத்தான் பளபளப்பு ஏறும். ‘துணி கறுத்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்’ என்பது முப்பது வருஷமாக அவனுக்கு வேதவாக்கு. தங்க முலாமுக்கு அந்த வேதம் செல்லாது. வெங்காயச் சருகின் கனம்கூட இல்லாத பூச்சு அது. லேசான சோப்புத் தண்ணீர், பூப்போன்ற துணி, ஒற்றி எடுத்துக் காயவிடுவது. அவ்வளவுதான் அதற்குப் பராமரிப்பு. அதற்கு மேல் யார் அக்கறை காட்டினாலும் அது கையோடு வந்துவிடும்.

“நான் சொன்னேனா இல்லையா?” என்று கத்தினாள் பெர்லிந்தா. “அந்த மேஜையில உக்காந்து சொன்னேன். இதுக்குப் பாலிஷே ஆகாது, சோப்புத் தண்ணி மட்டும்தான்னு சொன்னேன். காதுல என்ன ஜல்லி அடைச்சு வெச்சிருந்தியா?”

“கோவத்துல இருந்தேன். காதுல ஏறல.”

“துணியில தங்கம் போறது கண்ணுலயுமா ஏறல?”

“துணி கறுப்பாத்தான் வந்துச்சு பெர்லி. அழுக்கு வருதுன்னு நினைச்சேன். ரெண்டு வீலையும் முடிச்சு, தள்ளி நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது. சத்தியமா.”

“யாரைக் கேட்டுத் தொட்ட?”

அவன் குனிந்து காலடியில் கிடந்த துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

லெந்தோஸ் சங்கத்தில் ஆயிரம் சச்சரவு உண்டு. ஆனால் ஒரு சட்டத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று. அடுத்தவர் காரை விரல் நுனியால்கூடக் கேட்காமல் தொடக் கூடாது. ‘தொடட்டுமா?’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சொந்தக்காரர் ‘தொடு’ என்று சொல்ல வேண்டும். தூசி தட்டுவதானாலும் சரிதான். போன கோடையில் ஒரு வெளியூர்க்காரர் போட்டோவுக்காக ஒரு காரில் சாய்ந்தபோது, அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினவன் யார் என்று நினைக்கிறீர்கள்? இதே டெல்ஃபினோதான்.

“உன்னைத்தான் கேக்கறேன். யாரைக் கேட்டுத் தொட்ட?”

“என்ன பெர்லி, அந்நியன்கிட்ட கேக்கற மாதிரி கேக்கற? நம்ம காருதானே...”

அந்த ‘நம்ம’தான். அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பெர்லிந்தா கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. குரலைத் தாழ்த்தினால்தான் பஸ்ஸில் பிள்ளைகள்கூட நடுங்குவார்கள்.

“இன்னொரு தடவை நம்ம காருன்னு சொல்லு, பாப்போம்.”

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

சமையல்கட்டிலிருந்து கையில் கரண்டியோடு வந்தாள் அம்மா ஒஃபேலியா. ஈஸ்டருக்கு பனோச்சா கிண்டிக்கொண்டிருந்தவள். முளைகட்டின கோதுமை மாவுக் களியை நடுவில் விட்டால் கட்டி தட்டிப்போகும் என்று, அவ்வளவு லேசில் அடுப்பை விட்டு அவள் நகர மாட்டாள்.

“தெருவே வேடிக்கை பாக்குது. என்னடி சத்தம்?”

“உன் பிள்ளையைக் கேளு. ஷெட்டை யாரும்மா திறந்து விட்டது?”

“நான்தான் சாவி குடுத்தேன். உனக்குத் தெரியாம காரைத் துடைச்சு வெக்கறேன், சந்தோஷப்படுவான்னு சொன்னான். கூடப் பிறந்தவன் கேட்டா சாவி குடுக்க மாட்டேன்னு சொல்லுவேனா?”

“நல்லாத் துடைச்சான். துடைச்சு எடுத்துட்டான். வந்து பாரு.”

ஒஃபேலியா பார்த்தாள். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள். “வெள்ளையா நல்லாத்தானே இருக்கு?” என்றாள்.

பெர்லிந்தா போனை எடுத்தாள். முலாம் போட்டுக் கொடுத்த ஆல்புகர்க்கி ரூபனுக்குப் போன் போட்டாள். அவர் கடையைச் சாத்திவிட்டு மகள் வீட்டில் இருந்தார். கேட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

“எந்த டப்பா?”

டப்பாவின் பெயரைச் சொன்னாள்.

“அட பாவமே. அது மணல் போட்டுத் தேய்க்கற மாதிரி. ஒரு கம்பிய நாலு தேய் தேய்ச்சாலே போயிருக்கும். கம்பியெல்லாம் கழட்டி, சுத்தம் பண்ணி, நிக்கல்ல முக்கி, திரும்பத் தங்கத்துல முக்கணும். மூணு வாரமாவது ஆகும் தாயி.”

“நாளைக்கு எனக்கு வேணுமே.”

“நாளைக்கு ஆண்டவரே உயிர்த்தெழுந்து வந்தாலும் என்னால ஆகாது,” என்றார் ரூபன். சொன்ன பிறகு, பண்டிகை நாளில் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவசரமாக மன்னிப்பும் கேட்டார்.

போனை வைத்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருஷ ஆசை! முதல் காராகப் போவதில் என்ன இருக்கிறது என்று ஊருக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். இந்த ஊரில் அவள் காரை யாரும் அவள் கார் என்று சொன்னதில்லை. ‘டெல்ஃபினோ தங்கச்சியோட கார்’ என்பார்கள். கொஞ்சம் குடித்திருந்தால் ‘டெல்ஃபினோவோட பச்சைக் கார்’ என்றே சொல்லிவிடுவார்கள். என்ஜினைப் பிரித்துக் கோத்தது அவள். உள் சீட்டு முழுவதும் தைத்தது அவள். தகர வேலையில் அண்ணன் கை உண்டு. இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் தேர்ந்தெடுத்த வீலோடு, அவள் பெயரைச் சொல்லி அந்தக் கார் முன்னால் போகும் என்று இருந்தாள்.

“சரி விடு,” என்றாள் ஒஃபேலியா, குரலைக் குழைத்து. “தெரியாமப் பண்ணிட்டான். கெட்ட எண்ணம் இல்ல. அடிக்கிற கைதான் அணைக்கும்.”

“அடிக்கறதோட நிறுத்திக்கச் சொல்லும்மா. அணைச்சதெல்லாம் போதும்.”

“பண்டிகை நாள்ல அண்ணன் தங்கச்சி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா சாப்பாடு இறங்குமா எனக்கு? அவன் மூஞ்சியப் பாரு.”

பார்த்தாள். கிள்ளி வைத்த கீரை மாதிரி நின்றுகொண்டிருந்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று இளகத்தான் செய்தது. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகத் தேய்த்திருக்கும் என்று ஒரு நிமிஷம் அவனுக்காக அவளே வாதாடினாள்.

அந்த நிமிஷம் பார்த்து அவன் வாயைத் திறந்தான்.

“ஒண்ணு பண்ணலாம் பெர்லி. உன்னோட பழைய குரோம் வீல் நாலும் என் வீட்லதான் இருக்கு. ஓடிப்போய்க் கொண்டு வந்துடறேன். நானே மாட்டிக் குடுக்கறேன். யாருக்கும் தெரியாது. நாளைக்கு நீ ஜம்முனு போலாம்.”

“போய்க் கொண்டா,” என்றாள் ஒஃபேலியா உடனே. பெர்லிந்தா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான். ஒஃபேலியா களியைப் பார்க்க உள்ளே போனாள்.

பெர்லிந்தா எழுந்தாள். வேறு வீல் மாட்டுவதானால் இதைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் அந்தக் கறுப்புக் குழம்பையாவது கழுவிவிடலாம். அழுக்கோடு எதையும் எடுத்து வைத்துப் பழக்கமில்லை அவளுக்கு. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு சோப்பு விட்டு, புதுத் துணி ஒன்றை நனைத்துக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

கறுப்பு கரைந்தது. கரைந்த இடத்தில் வெறும் நிக்கல். இன்னும் கொஞ்சம் கரைந்தது. அங்கே மஞ்சள் தெரிந்தது.

துணியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். சக்கரத்தின் மேல் பாதி முழுவதும் தங்கம் போயிருந்தது. கீழ்ப் பாதியில் கம்பிகள் அப்படியே இருந்தன. மேலிருந்து வழிந்த கறுப்புதான் அவற்றை மறைத்திருந்தது. நடுக்குடத்திலும் ஒரு ஓரம் மட்டும்தான் வெளுத்திருந்தது. யாரோ பாதி வேலையில் கையை எடுத்துவிட்டுப் போன மாதிரி.

பின் சக்கரத்துக்குப் போனாள். கழுவினாள். அங்கே மருந்துக்குக்கூட மஞ்சள் இல்லை. கம்பியின் முன்புறம், பின்புறம், கம்பி குடத்தில் இறங்குகிற இடுக்கு, எல்லாம் வெள்ளை. இடுக்குகளில் பிரஷ் போன கோடுகள்கூடத் தெரிந்தன. அப்படி ஒரு சுத்தமான வேலை.

துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

லாரிச் சத்தம் கேட்டது. டெல்ஃபினோ வந்துவிட்டான். நாலு குரோம் வீல்களையும் இறக்கி ஷெட் வாசலில் வரிசையாகச் சாய்த்து வைத்தான். முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். அழுது முடித்து இப்போது குடை வேறு கொண்டு வந்திருக்கிறது.

“ஜாக்கி எங்க வெச்சிருக்க?” என்றான்.

“முன் வீலை ஏன் பாதியில விட்ட?”

“என்னது?”

“முன் வீல். பாதிதான் தேய்ச்சிருக்க. ஏன் விட்ட?”

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

“கை வலிச்சுது,” என்றான்.

“கை வலிச்சவன் பின் வீலை இடுக்கு இடுக்கா பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கியே?”

“பெர்லி...”

“ரெண்டையும் முடிச்சுட்டுத்தான் பாத்தேன்னு சொன்ன. சத்தியம் வேற பண்ண. தெரியாதவனா இருந்தா முதல் வீலை முழுசா முடிச்சுட்டுத்தானே ரெண்டாவதுக்குப் போயிருப்ப? பாதியில உனக்குத் தெரிஞ்சு போச்சு. தங்கம் போறது தெரிஞ்சுதான் கையை எடுத்திருக்க. அப்புறம் நகந்து போய், ரெண்டாவதுல கை வெச்சிருக்க.”

ஒஃபேலியா சமையல்கட்டுக் கதவில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

“அவ சொல்றது நிஜமாடா?”

“அம்மா, நீ உள்ள போ.”

“நிஜமான்னு கேட்டேன்.”

டெல்ஃபினோ கையில் இருந்த ஸ்பானரைத் தரையில் வீசினான். கான்கிரீட்டில் விழுந்து எகிறி காருக்கு அடியில் போய் நின்றது.

“ஆமா! போதுமா? முதல் வீல் தெரியாமத்தான் பண்ணேன். சிலுவை மேல அடிச்சு சொல்றேன், தெரியாமத்தான். பாதியில வெள்ளையாத் தெரிஞ்சுது. அந்த முக்காலியில உக்காந்துட்டேன். உனக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன்கூட. அப்புறம் தோணுச்சு. ஒரு வீலுன்னா நீ என்ன பண்ணுவ? அடம் பிடிச்சு அதையே ஓட்டிட்டுப் போவ. ரெண்டுன்னா... ரெண்டுன்னா குரோம் மாட்டியே தீரணும்.”

“மாட்டினா?”

“மாட்டினா பழைய கார் மாதிரி இருக்கும். நான் தகரம் வெட்டி, நான் பட்டி பாத்து, நான் ராத்திரி பகலா உழைச்ச கார் மாதிரி இருக்கும்! அந்த மஞ்சள் வீலைப் போட்டதும் பாத்தேன், பெர்லி. என் கை பட்ட காருன்னே தெரியல. சங்கத்துல கையத் தூக்கினானுங்களே, ஒருத்தனாவது என்னைத் திரும்பிப் பாத்தானா? ஒன்பது வருஷம் முன்னாடி போனவன், நாளைக்கு உன் பின்னாடி, உன் புகையைக் குடிச்சுக்கிட்டு வரணும். அதுவும் அந்தத் தங்க வீலைப் பாத்துக்கிட்டே வரணும்.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்!”

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். தோள் இரண்டும் தொங்கிவிட்டன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. புத்தி திரும்பும்போது வாய் ஏற்கெனவே எல்லாவற்றையும் கொட்டியிருக்கும்.

பெர்லிந்தாவுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“தெரியாமப் பண்ணியிருந்தா இன்னிக்குக் கத்திட்டு நாளைக்கு மறந்திருப்பேன். இன்னும் சொல்லப்போனா, பாதி மறந்தே போச்சு. நீ முழுக்காருக்கும் தீ வெச்சிருந்தாக்கூட, தெரியாமன்னா விட்டிருப்பேன்டா அண்ணா. ரெண்டாவது வீலுக்கு நகந்தியே, அந்த முக்காலிய நகத்திப் போட்டியே, அப்ப என்னை நினைச்சியா? ஒரு தடவையாவது நினைச்சியா?”

“நினைச்சேன்,” என்றான் அவன். “நினைச்சுட்டுத்தான் பண்ணேன்.”

ஒஃபேலியா கரண்டியைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள். இந்தக் கதையில் இதுவரை பத்து அத்தியாயமாக மகனுக்கு ஒரு குறை சொல்லாதவள். மகன் தட்டை உடைத்தால் தட்டு வழுக்கியது என்பாள். வந்தவள் கையை நீட்டினாள்.

“சாவியக் குடு.”

“எந்தச் சாவி?”

“காலையில என்கிட்ட இருந்து பொய் சொல்லி வாங்கினியே, ஷெட்டுச் சாவி. சந்தோஷப்படுவான்னு சொல்லி வாங்கினியே. குடு.”

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒஃபேலியா அதை மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். “என் கையாலயே குடுத்தேன் பாரு,” என்றாள்.

“இப்ப என்ன பண்ணணும்?” என்றான் டெல்ஃபினோ. “மன்னிப்புக் கேக்கறேன். கேட்டுட்டு இந்த வீலை மாட்டிக் குடுத்துட்டுப் போறேன். அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத.”

“அந்த வீல் எதுவும் வேணாம். எல்லாத்தையும் திரும்ப லாரியில ஏத்து.”

“பைத்தியமா? ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் சொறி பிடிச்ச மாதிரி... இப்படியே போகப் போறியா?”

“இப்படியேதான் போகப் போறேன். இடது பக்கம் உக்காந்திருக்கறவங்க நான் எடுத்த வீலைப் பாக்கட்டும். வலது பக்கம் உக்காந்திருக்கறவங்க நீ பண்ண வேலையைப் பாக்கட்டும். யாராவது என்ன ஆச்சுன்னு கேட்டா, முன் வீலு கை தவறிப் போச்சுன்னு நானே சொல்லிடுவேன். பின் வீலைப் பத்திக் கேட்டா உன்கிட்ட அனுப்புவேன்.”

“ஊர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும். அதானே?”

“நான் எதையும் புதுசாச் செய்யல. நீ தேய்ச்சதை மறைக்க மாட்டேங்கறேன், அவ்வளவுதான்.”

அவன் குனிந்து ஒரு குரோம் வீலைத் தூக்கினான். தூக்கினவன் நின்றான். அவன் மனசில் இப்போது என்ன ஓடுகிறது என்பது பெர்லிந்தாவுக்குச் சொல்லாமலே புரிந்தது. அவள் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு வரிசை கிளம்புவதற்கு முன்னால், சங்கத் தலைவன் முதல் காருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, ‘தொடட்டுமா?’ என்று காரின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். சொந்தக்காரர் ‘தொடு’ என்றால், பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பான். அப்போதுதான் முதல் கார் நகரும், அதன் பின்னால் மற்றவை நகரும். தலைவனே முதல் காராகவும் இருந்த ஒன்பது வருஷமும் உதவித் தலைவர் எல்ஃபேகோ கேட்டார். டெல்ஃபினோ ராஜா மாதிரி தலையை ஆட்டினான்.

“ஆமா,” என்றாள் பெர்லிந்தா. “நாளைக்கு நீதான் கேக்கணும்.”

“எல்ஃபேகோவைக் கேக்கச் சொல்லிக்கறேன்.”

“முடியாது. தலைவன் நீ. உடம்பு சரியில்லன்னு படுத்துக்கிட்டா மொத்த சங்கமும் உன் வீட்டு வாசலுக்கு வந்துடும். இத்தனை வருஷத்துல இந்தக் காரைத் தொடட்டுமான்னு என்னை ஒரு தடவை கேட்டிருக்கியா? ஒரே ஒரு தடவை? தகரம் வெட்டறப்பவும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. நாளைக்குக் கேப்ப. வலது பக்கம் நின்னு கேப்ப. அந்த ரெண்டு வீலுக்கும் பக்கத்துல நின்னு கேப்ப.”

டெல்ஃபினோ அவளையே பார்த்தான். “கேட்டா... நீ என்ன சொல்லுவ?”

வாளியில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு மறுபடி பின் சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டாள். அவன் நாலு வீல்களையும் ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினான். கடைசி வீலை ஏற்றிவிட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவள் திரும்பவில்லை. லாரி கிளம்பிப் போன சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

ஒஃபேலியா மகளுக்குப் பக்கத்தில் வந்து, முழங்கால் வலியைப் பார்க்காமல் அதே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பயம் அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

“அடியே, நீ தொடாதேன்னு சொல்லிட்டா வரிசையே கிளம்பாதுடி. பின்னாடி அத்தனை காரு நிக்கும். ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். இந்த ஊர்ல யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல.”

“தெரியும்.”

“அதுக்கப்புறம் அவன் இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது.”

“தெரியும்மா.”

“அப்ப நாளைக்கு என்னதான் சொல்லப் போற?”

பெர்லிந்தா கடைசிக் கம்பியை ஒற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் தாழ்ந்திருந்தது.

“முதல்ல அவன் கேக்கட்டும்மா.”